கர்சர் நின்ற இடம்: தமிழ்க் கோப்புகளின் மீளேற்றச் சிக்கல்

உரைத்தொகுப்பானில் ஒரு கோப்பு திறந்திருக்கும்போதே வேறொரு நிரல் அதை வட்டில் மாற்றிவிடுகிறது. தொகுப்பான் கோப்பை மறுபடி ஏற்றுகிறது. கர்சர் இனி எங்கே நிற்க வேண்டும்? ஆங்கிலக் கோப்புகளுக்குக் கண்ட விடைகள் தமிழுக்கு அப்படியே பொருந்தவில்லை. அதற்கான காரணம் தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெரும் பங்குண்டு.

கேரித் தீவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை 1985இல் தொடங்கினார். அந்தத் தலைமுறைத் தமிழ் எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வடிவங்களையே எண்ணின. 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் கலந்துரையாடலில் உருவான திஸ்கி குறியாக்கமும் அந்த வழியையே பின்பற்றியது. அதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் திரையில் இருப்பதுபோலவே மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். மெய்யை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது யூனிகோட். தமிழ்க் கணிமைக்கான உலக அமைப்பான உத்தமம் தோன்றியது 2000இல். மறு ஆண்டே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பழைய குறியாக்கங்களும் யூனிகோடும் அருகருகே புழங்கிய காலம் அது.

‘கோலாலம்பூர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 6 எழுத்து. திஸ்கியில் 9 பைட்: ‘கோ’வுக்கு மூன்று, ‘லா’வுக்கு இரண்டு, மீதி நான்கு எழுத்துகளுக்கு ஒவ்வொன்று. யூனிகோடில் 11 குறியெண். ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிப்பதால் மொத்தம் 33 பைட். திஸ்கிக் கோப்பில் ‘கோலா’வுக்குப் பின் நிற்கும் கர்சரின் இடம் 5ஆம் பைட். கோப்பை யூடிஎஃப்-8க்கு மாற்றி மறுபடி ஏற்றி, அதே எண்ணில் கர்சரை வைத்தால் அது ஓகாரக் குறியின் பைட்டுகளுக்கு நடுவே போய் விழும். அப்படியோர் இடம் உரையிலேயே இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

தொகுப்பான்கள் எண்ணையே நம்பிவந்தன. 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ வரிசையில் வந்த விம், கடைசியாகக் கர்சர் இருந்த வரியையும் அவ்வரிக்குள் பைட் எண்ணையும் தனியொரு கோப்பில் எழுதிவைக்கிறது. ஈமேக்ஸ் உரையின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது குறியெண் என்று குறித்துக்கொள்கிறது. கோப்பு மாறாதவரை இரண்டும் சரி. மேலே ஒரு பத்தி சேர்ந்துவிட்டால் எண் அப்படியே இருக்கும், உரை நகர்ந்திருக்கும்.

எண்ணை விட்டு உரையைப் பற்றிக்கொள்ளும் வழி, கோப்பு ஒப்பீட்டு ஆய்விலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976இல் வெளியிட்ட அறிக்கையும், யூஜின் மையர்ஸ் 1986இல் தந்த படிமுறையும் இரு கோப்புகளுக்கிடையே எது மாறியது, எது மாறவில்லை என்று விரைவாகக் கண்டுசொன்னன. ஈமேக்ஸ் முன்பு தலையிலும் வாலிலும் ஒத்திருக்கும் பகுதிகளை விட்டுவிட்டு நடுவை மட்டும் மாற்றிவந்தது. கோப்பின் மேற்பகுதியில் ஒரு மாற்றமும் அடியில் ஒரு மாற்றமும் வந்தால் இடைப்பட்ட அனைத்தும் ‘மாறியதாக’ ஆகிவிடும். கர்சர் அதற்குள் இருந்தால் பிடிமானம் போய்விடும். 2018இல் வந்த 26.1 பதிப்பு, மையர்ஸ் வழி ஒப்பீட்டைக் கொண்டு மாறாத துண்டுகளைத் தனித்தனியே காக்கும் செயற்கூற்றைத் தந்தது. இத்துறையில் நடந்த முன்னேற்றங்களில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

ஆயினும் தமிழுக்கு இதுவும் போதவில்லை. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், திரையிலும் வேறுபாடு தெரியாது. வெறும் குறியெண்களை ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு. ஒரு கருவி கோப்பு முழுவதையும் ஒரு வடிவிலிருந்து மற்றதற்கு மாற்றிச் சேமித்தால், ஓர் எழுத்தும் மாறாத கட்டுரை வரிக்கு வரி மாறியதாகக் காட்டப்படும்.

எழுத்தின் எல்லையும் தாமதமாகவே சரியானது. யூனிகோடின் பழைய பிரிப்பு விதி ‘நி’யை இரண்டாகப் பார்த்தது. 2008இல் 5.1 பதிப்பு நீட்டித்த எழுத்துத்தொகுதியை வகுத்தபின்தான் அது ஒன்றானது. இன்றைய விதி ஆவணத்தில் ‘நி’யே எடுத்துக்காட்டாக நிற்கிறது.

ஆகவே தமிழ்க் கோப்பில் கர்சரைக் காக்க மூன்று வேலைகள் தேவை. ஒப்பிடுமுன் இரு வடிவங்களையும் ஒரே நெறிக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணோடு கர்சரின் இருபுறமும் உள்ள சில எழுத்துகளையும் குறித்துவைக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது எழுத்தின் எல்லையில் மட்டுமே வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் கடினமான நிரலாக்கம் அன்று. உரைத்தொகுப்பான் எழுதும் நம் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் சோதனைக் கோப்புகளில் ‘கோலாலம்பூர்’ என்ற சொல்லை இரு வடிவிலும் சேர்த்து வையுங்கள்.