மூன்றாம் இடத்துக்கு நடந்த போட்டி: பிளாக்பெரியும் விண்டோஸ் போனும்

நம் வீடுகளில் பழைய பீரோவின் இழுப்பறையைத் திறந்தால், சார்ஜர் கிடைக்காத கைப்பேசி ஒன்று கிடக்கக் காணலாம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டுவந்த, சிறு சிறு எழுத்து விசைகள் கொண்ட பிளாக்பெரியாக அது இருக்கும்; அல்லது மஞ்சள், நீலம் எனப் பளிச்சிடும் நோக்கியா லூமியாவாக இருக்கும். அதை எறியவும் மனம் வருவதில்லை. அதனால் இன்று பயனுமில்லை. ஒரு காலத்தில் இக்கைப்பேசிகளைக் கைவிட மறுத்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தனர். அந்தப் பற்று எதனால் உண்டாயிற்று, எதனால் அற்றுப்போயிற்று என்பதை அறிவது நமக்கும் பயன் தரும்.

கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட ரிசர்ச் இன் மோஷன் என்னும் நிறுவனமே பிளாக்பெரியை உருவாக்கியது. 1999-இல் அது வெளியிட்ட முதல் பிளாக்பெரி, மின்னஞ்சல் பெறும் ஒரு பேஜர்தான். அலுவலகத்துக்கு வரும் அஞ்சல் உடனுக்குடன் சட்டைப் பையில் வந்து சேர்வது அன்று பெரிய வியப்பாக இருந்தது. இரு கட்டைவிரல்களாலும் திரையைப் பாராமலே தட்டச்சுச் செய்ய முடிந்ததால், அந்த விசைப்பலகைக்குப் பழகியவர் வேறொன்றுக்கு மாறத் தயங்கினர்.

2005-இல் பிபிஎம் எனப்படும் செய்திச் சேவை வந்தது. ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் கட்டணம் செலுத்திய காலத்தில், இணையத் திட்டம் இருந்தாலே இதில் எத்தனை செய்திகளையும் அனுப்பலாம். செய்தி சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்பதும் தெரியும். ஆனால் இருபுறமும் பிளாக்பெரி இருக்கவேண்டும். இந்தக் கட்டுப்பாடே ஒருவர் வாங்கினால் அவர் நண்பரும் உறவினரும் வாங்கும் நிலையை உண்டாக்கிற்று.

வளைகுடாவில் வாழ்ந்த நம்மவர் பலர் 2010-ஆம் ஆண்டை நினைவில் வைத்திருப்பர். அவ்வாண்டு ஆகஸ்டில், பிளாக்பெரியின் தகவல்கள் நாட்டுக்கு வெளியே செல்வதையும் அவற்றைக் கண்காணிக்க இயலாததையும் காரணம் காட்டி, அக்டோபர் 11 முதல் அச்சேவைகளை நிறுத்தப்போவதாக ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சவூதி அரேபியாவும் இந்தியாவும் அதே கவலையை எழுப்பின. அமீரகத்தில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பயனாளர்கள் இருந்தனர். கெடுவுக்குச் சில நாட்கள் முன்னதாக அந்த முடிவு கைவிடப்பட்டது. ஒரு கருவி நிற்பதைவிட, அதன்வழி நடந்த உரையாடல்கள் நிற்பதுதான் மக்களை அன்று கலங்கச் செய்தது.

இதற்கிடையே களம் மாறிவிட்டிருந்தது. 2007-இல் ஆப்பிளின் ஐபோன் வந்தது. 2008-இல் அதற்கான செயலிக் கடை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் கைப்பேசியும் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் சந்தையின் பெரும்பகுதி இவ்விரண்டின் கைக்குச் சென்றது. எஞ்சியவர்களுக்குள் மூன்றாம் இடத்துக்கான போட்டி மூண்டது.

மைக்ரோசாஃப்டு 2010-இன் இறுதியில் விண்டோஸ் போன் 7-ஐ வெளியிட்டது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலோப், தம் நிறுவனத்தின் சிம்பியன் தளத்தைப் படிப்படியாக விட்டு மைக்ரோசாஃப்டுடன் இணைவதாக அறிவித்தார். அவ்வாறு பிறந்தவையே லூமியா கைப்பேசிகள். எளிய திரையமைப்பும் உறுதியான உடலும் கொண்ட அவற்றை விரும்பி வாங்கியவர்கள் குறைவாக இருந்தாலும், அவர்களின் பற்று ஆழமாக இருந்தது.

ஆனால் அந்தப் பற்றுக்கு உரிய மதிப்பு கிட்டவில்லை. 2012 ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிக்கப்பட்டபோது, ஏற்கெனவே வாங்கப்பட்ட கைப்பேசிகளில் அது இயங்காது என்று கூறப்பட்டது. அமெரிக்காவில் பெரும் விளம்பரத்துடன் லூமியா 900 விற்பனைக்கு வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. முதலில் நம்பி வந்தவர்களே முதலில் கைவிடப்பட்டனர். செயலிகளின் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பயனாளர் குறைவு என்பதால் செயலி செய்வோர் வரவில்லை. செயலி இல்லை என்பதால் பயனாளர் வரவில்லை. 2013-இல் மைக்ரோசாஃப்டு தானே உருவாக்கிய யூடியூப் செயலியையும் கூகுள் தடுத்துவிட்டது.

பிளாக்பெரியின் நிலையும் இதைவிட மேலாக இல்லை. 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லௌ நகரிலுள்ள தகவல் மையத்தில் தொடங்கிய கோளாறு ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா எனப் பரவி, வட அமெரிக்காவையும் எட்டியது. சில நாட்கள் செய்திகள் முடங்கின. அதன்பின் நெடிய தாமதத்துக்குப் பிறகு, 2013 ஜனவரி 30 அன்று பிளாக்பெரி 10 தளம் அறிமுகமானது. விசைப்பலகைக்காகவே காத்திருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது முழுத் தொடுதிரை கொண்ட இசட் 10. விசைகள் கொண்ட க்யூ 10 பின்னரே வந்தது. விற்காமல் தேங்கிய இசட் 10 கைப்பேசிகளை முன்னிட்டு, அவ்வாண்டே அந்நிறுவனம் 90 கோடி டாலருக்கும் மேல் இழப்பு எழுத நேர்ந்தது.

2013-இன் முதல் காலாண்டில் விண்டோஸ் போன் பிளாக்பெரியை முந்தியதாக ஐடிசி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது: ஒன்று 3.2 சதவீதம், மற்றொன்று 2.9 சதவீதம். அதே காலாண்டில் ஆண்ட்ராய்டின் பங்கு 75 சதவீதம். வெற்றி என்று சொல்லத் தக்க எதுவும் அந்த மூன்றாம் இடத்தில் இல்லை.

எனினும் 2012-இல் பிளாக்பெரிக்கு உலகெங்கும் ஏறத்தாழ 8 கோடி பயனாளர் இருந்தனர். அவர்களைக் கட்டி வைத்திருந்த கயிறு பிபிஎம். அதை மற்றக் கைப்பேசிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று நிறுவனத்தின் இணைத் தலைவராக இருந்த ஜிம் பால்சிலி விரும்பினார், அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே வேளையில் 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப், எந்தக் கைப்பேசி என்று பாராமல், தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டு எல்லோரையும் இணைத்தது. 2013 அக்டோபரில் பிபிஎம் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தபோது, முதல் நாளிலேயே 1 கோடி முறை தரவிறக்கம் செய்யப்பட்டது. அதற்குள் குடும்பங்களும் நண்பர்களும் வேறிடத்தில் கூடியிருந்தனர். 2019 மே 31 அன்று பொதுமக்களுக்கான பிபிஎம் மூடப்பட்டது. 2017-இன் முடிவில் வாட்ஸ்அப் பிளாக்பெரியை விட்டது. 2019-இன் முடிவில் விண்டோஸ் போனையும் விட்டது. எஞ்சியிருந்த சிலருக்கும் அத்துடன் வாசல் அடைபட்டது.

இந்த வீழ்ச்சியின் அதிர்வு நம் ஊர் வரைக்கும் எட்டியது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், சாதாரண கைப்பேசிகளே பெரும்பாலும் உருவாயின. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை பார்த்தனர். அவர்களுள் பலர் இளம் பெண்கள். நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டு 2014 ஏப்ரலில் வாங்கியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை கைமாறவில்லை. ஒப்பந்தம் நின்றதும் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி முடிந்தது.

இவ்வரலாற்றில் பயனாளரைப் பிணைத்த மூன்று கயிறுகளைக் காண்கிறோம். கைப்பழக்கம் ஒன்று, வாங்கிச் சேர்த்த செயலிகளும் படங்களும் இன்னொன்று, அங்கே கூடியிருக்கும் மனிதர்கள் மூன்றாவது. கைப்பழக்கம் சில வாரங்களில் மாறும். சேர்த்தவற்றை இழக்க நேரும்போது மனம் வலிக்கும், ஆயினும் பொறுத்துக்கொள்கிறோம். மகனின் குரலும் உம்மாவின் படமும் எங்கே வருகின்றனவோ, அங்கேதான் இறுதியில் நாம் போய்ச் சேர்கிறோம். ஆக, நிறுவனம் தன்மீது உள்ள பற்று என்று எண்ணியதன் பெரும்பகுதி, மக்கள் ஒருவர் மீது ஒருவர் கொண்ட பற்றாகவே இருந்தது. நம்பி வந்தவரின் நம்பிக்கை ஓர் அமானிதம் என்பதை மறந்த நிறுவனங்களுக்கு அது புரிந்தபோது காலம் கடந்திருந்தது.

இன்று நம் கையிலுள்ள கைப்பேசிக்கும் இதே நாள் வரலாம். பிள்ளைகளின் படங்களையும் பெரியவர்களின் குரல் பதிவுகளையும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், தனியே ஒரு பிரதி எடுத்து வைப்போம். முக்கியமான எண்களை ஒரு தாளிலும் எழுதி வைப்போம். இழுப்பறையில் கிடக்கும் அந்தப் பழைய கைப்பேசிக்குள்ளும் யாருடைய முகமேனும் இருக்கக்கூடும். அது இன்னும் உயிர்பெறுமானால், இந்த வாரமே அதை வெளியே எடுத்துப் பார்ப்போம்.