திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் நகல் படைக்கருவிகளும்

ஒரு நாட்டின் படைக்காக வடிவமைக்கப்பட்டுப் புகழ்பெற்ற துப்பாக்கியை வேறொரு நாடு பின்னாளில் தன் பட்டறையில் திரும்பச் செய்வது நகலாக்கம் எனப்படும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய நகல்களை வாங்குவோரில் பெரும்பாலோர் சேகரிப்பாளர்களும் சுடுதல் விளையாட்டில் ஈடுபடுவோரும்தான். இந்தியாவில் நகலாக்கம் வேறு காரணங்களால் நிகழ்ந்தது. இறக்குமதியை நம்பியிருக்க முடியாத நிலையும் படைக்கலச் சட்டமும் அக்காரணங்களில் முதன்மையானவை. திருச்சிராப்பள்ளியில் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை இந்த வரலாற்றின் தென்னகக் கண்ணி. உள்ளூர் வழக்கில் அது 'துப்பாக்கித் தொழிற்சாலை'.

முன்வரலாறு: திருவரங்கம், திண்டுக்கல்

திருச்சி வட்டாரம் ஐரோப்பியத் துப்பாக்கிகளின் ஆற்றலை நேரில் கண்டது கர்நாடகப் போர்களின்போது. 1751-ல் முகமது அலி திருச்சிக் கோட்டையில் முற்றுகைக்குள்ளானார். சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் பின்னர் திருவரங்கம் தீவுக்குள் பின்வாங்கி, கோயில் மதில்களை அரணாகக் கொண்டனர். 1752 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா அங்கே சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

இப்போர்களில் பங்கேற்ற மைசூர்ப் படையில் ஹைதர் அலியும் இருந்தார். ஐரோப்பியர்களின் கருவிகளையும் போர்முறையையும் அவர் அருகிலிருந்து கவனித்தார். 1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தாரானபோது, பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் அங்கே ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார். அவர் மகன் திப்பு சுல்தான் காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகள் ஐரோப்பிய முறையிலான சக்கிமுக்கித் துப்பாக்கிகளையும் கைத்துப்பாக்கிகளையும் செய்தன. இணையாகச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு விசைப்பொறி வலப்புறத்திலும் மற்றொன்றுக்கு இடப்புறத்திலும் அமைந்திருந்தது. ஐரோப்பிய மாதிரியை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கைவினைஞர்கள் அதை மாற்றியமைத்ததற்கு இது சான்று.

1799-ல் திப்பு வீழ்ந்தபின் இம்முயற்சி அறுந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் படைக்கல உற்பத்தி வங்காளத்தில் குவிந்தது. 1801-ல் கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈஷாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலையும் தோன்றின.

வெப்ளி ரிவால்வர்

இந்தியாவில் மிகுதியாக நகலெடுக்கப்பட்ட கைத்துப்பாக்கி வடிவங்களுள் ஒன்று பிரிட்டனின் வெப்ளி மார்க் 4. குழலை முன்புறமாக மடக்கினால் சுழலறை திறந்து, சுட்ட தோட்டாக் கூடுகள் ஒரேயடியாக வெளியேறும் என்பது இதன் சிறப்பு. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக .38 அளவில் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் இதை உருவாக்கியது. ராணுவமோ அவ்வடிவத்தைத் தழுவி என்ஃபீல்டிலிருந்த அரசுத் தொழிற்சாலையில் சொந்தமாக ஒரு ரிவால்வரைச் செய்து 1932-ல் ஏற்றுக்கொண்டது. வெப்ளி நிறுவனம் 2,250 பவுண்டு கேட்டு வழக்காடியது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பின்னர் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் 1,250 பவுண்டு வழங்கியது. நகலெடுத்தல் ஏழை நாடுகள் மட்டும் கைக்கொண்ட வழி அல்ல என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டு.

வெப்ளி நிறுவனம் 1979-ல் துப்பாக்கி உற்பத்தியைக் கைவிட்டது. கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளில் அதன் வடிவம் .32 ரிவால்வராகத் தொடர்ந்து வாழ்ந்தது. 2014-ல் பெண்களுக்கென அறிமுகமான 'நிர்பீக்' அதே மரபைச் சேர்ந்தது. சுமார் 500 கிராம் எடை கொண்ட அதன் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். தற்காப்புக் கருவி எனச் சொல்லப்பட்ட ஒன்று பெரும்பாலான பெண்களுக்கு எட்டாத விலையில் இருந்தது அப்போதே விமர்சிக்கப்பட்டது. 2020-ல் வெப்ளி நிறுவனமே ஓர் இந்திய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் தன் பழைய மார்க் 4-ஐ .32 அளவில் மீண்டும் செய்ய முன்வந்தது.

சட்டமும் குழலளவும்

மூல வடிவம் .38 ஆக இருக்க, இந்திய நகல்கள் .32 ஆனதற்குக் காரணம் சட்டம். 1959-ம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் அதன் விதிகளும் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை எனப் பிரித்தன. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்திய .38, 9 மி.மீ. அளவுகள் முதல் வகையில் சேர்ந்தன. உரிமம் பெற்ற குடிமக்கள் .32 போன்ற அளவுகளையே வைத்திருக்கலாம். 1980-களின் நடுப்பகுதியில் தனியாருக்கான இறக்குமதியும் நிறுத்தப்பட்டதால், அரசுத் தொழிற்சாலைகளே உரிமம் பெற்றவர்களுக்குப் புதிய கைத்துப்பாக்கி கிடைக்கும் இடமாயின. 2019 சட்டத்திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

பிரௌனிங் பிஸ்டல்

ராணுவத்துக்கான நகலில் முதன்மையானது ஈஷாப்பூரில் செய்யப்படும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். இதன் மூலம் பிரௌனிங் ஹை-பவர். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கிய வடிவத்தை, 1926-ல் அவர் மறைந்தபின் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியோதோனே செவ் நிறைவு செய்தார். 1935-ல் அது வெளிவந்தது. ஒரே தோட்டாக்கூட்டில் 13 தோட்டாக்கள் கொள்வது அக்காலத்தில் புதுமை. இரண்டாம் உலகப்போரில் கனடாவின் இங்லிஸ் நிறுவனமும் இதைச் செய்தது. இந்திய பிஸ்டல் அந்தக் கனடிய மாதிரியைத் தழுவியது.

எஃப்.என். நிறுவனம் 2018-ல் ஹை-பவர் உற்பத்தி முடிந்ததாக அறிவித்தது. மூன்றாண்டுகளில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதன் நகலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எஃப்.என். 2022-ல் அதே பெயரில் புதிய பிஸ்டலை வெளியிட்டது. மேற்கில் அது பழமையின் மீட்பாகப் பார்க்கப்பட்டது. இந்தியாவில் அவ்வடிவம் அன்றாடப் பணிக்கருவியாகவே இருந்துவந்தது.

திருச்சி தொழிற்சாலை

1962 சீனப் போரில் ஏற்பட்ட பின்னடைவு, காலாட்படையின் துப்பாக்கிகள் எவ்வளவு பழமையானவை என்பதை வெளிப்படுத்தியது. படைக்கல உற்பத்தியைப் பெருக்கும் முயற்சி அதன்பின் விரைவடைந்தது. திருச்சி நவல்பட்டுப் பகுதியிலுள்ள தொழிற்சாலை 1966-ல் தொடங்கியது. இந்தியாவின் சொந்த வடிவமைப்பான இன்சாஸ் துப்பாக்கி இங்கு செய்யப்பட்டது. 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி, 40 மி.மீ. கையெறிகுண்டு ஏவிகள் ஆகியவையும் இங்கு உருவாகின்றன.

தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்துடனான உறவு முறைகேட்டுக் குற்றச்சாட்டை அடுத்து 2005-ல் முறிந்தது. அதன்பின் அந்நிறுவனத்தின் என்.டி.டபிள்யு-20 துப்பாக்கியை ஒத்த 'வித்வன்சக்' என்னும் பெருந்துப்பாக்கி திருச்சியில் உற்பத்திக்கு வந்தது. ஊர்ப்பெயரையே தாங்கிய 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகே குடும்பத்தைச் சேர்ந்தது. 7.62×39 மி.மீ. தோட்டாவைச் சுடும் இது பல்கேரிய ஏகே வகையை ஒத்தது. அதே ஏகே மரபின் ஏகே-203 துப்பாக்கியை ரஷ்யாவுடன் ஒப்பந்தம் செய்து உரிமத்துடன் உற்பத்தி செய்ய உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் தனித் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கானது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இம்மாற்றத்தை எதிர்த்து நாடெங்கும் உள்ள படைக்கலத் தொழிலாளர்கள் 2019-லேயே வேலைநிறுத்தம் செய்திருந்தனர். திருச்சி தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது.

மதிப்பீடு

துப்பாக்கியின் வெளிவடிவத்தை நகலெடுப்பது எளிது. எஃகின் தரம், வெப்பமூட்டிக் குளிர்விக்கும் முறை, குழலின் உட்புறத் திருகுவரிகள், ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிலும் பொருந்தும் அளவுத் துல்லியம் ஆகியவை வரைபடத்தோடு சேர்ந்து வருவதில்லை. அவற்றைப் பட்டறையே கற்றுக்கொள்ள வேண்டும். நகலாக்கத்தின் உண்மையான பயன் இக்கல்வி.

அதன் எல்லையும் இதே வரலாற்றில் தெரிகிறது. பிறர் கைவிட்ட வடிவங்களை நீண்டகாலம் தொடர்ந்து செய்யும் தொழிற்சாலை, திறன் இருந்தும் காலத்தில் பின்தங்கும். திண்டுக்கல்லில் தொடங்கி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வளர்ந்த கைத்திறன் ஓர் அரசின் வீழ்ச்சியோடு மறைந்தது. நவல்பட்டின் கைத்திறன் நிலைப்பது, நகலில் கற்றதைக் கொண்டு எவ்வளவு சொந்த வடிவங்கள் உருவாகின்றன என்பதைப் பொறுத்தது.