கோ ஆட்டத்தில் குருகுலவாசம்

ஜப்பானில் கோ என்னும் பலகையாட்டம் ஒரு வித்தையாக வளர்ந்த வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு, அதைக் கற்பித்த ஆசிரியர்கள் தம் சிஷ்யர்களோடு எதிரெதிரே அமர்ந்து ஆடியது மிக அரிது என்னும் செய்தி முதலில் வியப்பையே தரும். நெடுக்கில் 19, குறுக்கில் 19 கோடுகள் வெட்டும் 361 சந்திகளில் கறுப்பும் வெள்ளையுமான காய்களை மாறி மாறி வைத்து இடம் வளைக்கும் இவ்வாட்டத்தை, மாணவன் ஆசிரியரின் இல்லத்திலேயே உண்டு உறங்கி, வீட்டுவேலைகளில் பங்குகொண்டு, உடன்பயில்வோரோடு ஆடியும் முன்னோரின் ஆட்டங்களைக் குறிப்புப்படி பலகையில் மீண்டும் வைத்துப் பார்த்தும் கற்பதே சம்பிரதாயமாக இருந்தது.

இச்சம்பிரதாயத்தின் வேர் தோக்குகாவா ஆட்சியில் இருக்கிறது. கியோத்தோவின் பௌத்தத் துறவியாகிய ஹொன்இன்போ சான்சாவை (1559–1623) அவ்வாட்சியின் முதல் ஷோகுன் இயேயாசு ஆதரித்ததன் பயனாக, ஹொன்இன்போ, இனோவுவே, யாசுயி, ஹயாஷி என நான்கு பரம்பரைகள் அரசாங்க மானியம் பெற்று நிலைத்தன. ஆண்டுதோறும் ஷோகுனின் கோட்டையில் நடந்த ஆட்டங்களில் பரம்பரையின் மானமே பணயமாக நின்றமையால், குலத்தலைவர் தம் மைந்தனை நம்பியிராது திறமுள்ள சிறுவரைத் தேடித் தத்தெடுக்க நேர்ந்தது. அவ்வாறு சிறுவயதில் ஹொன்இன்போ இல்லம் புகுந்த ஷூசாக்கு, கோட்டை ஆட்டங்கள் பத்தொன்பதிலும் வென்று, 1862ஆம் ஆண்டு அவ்வில்லத்தில் வாந்திபேதி கண்டோர்க்குப் பணிவிடை செய்து தாமும் அந்நோய்க்கு இரையானார். மாணவனுக்கும் இல்லத்துக்கும் இருந்த பந்தம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தோக்குகாவா ஆட்சி வீழ்ந்து, 1868க்குப் பின் மானியம் நின்றது. 1879இல் ஷூஹோ நிறுவிய ஹோஎன்ஷா என்னும் சங்கம் பரம்பரைகளின் வேலியைத் தாண்டி வித்தையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது; ஜெர்மானியரான கோர்ஷெல்ட் அவரிடமே பயின்று, தம் நாட்டார்க்காக இவ்வாட்டத்தை விரித்தெழுதினார். 1924இல் நிஹோன் கீ-இன் தோன்றியபின் பரம்பரை ஆட்சி மெல்ல முடிவுற்றது. எனினும் குருகுலம் முடிவுறவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

அதன் உச்சம் கிதானி மினோருவின் (1909–1975) ஹிராத்சுகா இல்லம் என்பது என் துணிபு. அங்கே குழந்தைகள் ஒரு பெருங்குடும்பமாக வாழ்ந்தனர். 1962 ஆகஸ்டில், சிஷ்யர் அனைவரின் தகுதிப்படிகளும் கூட்டினால் நூறாயிற்று என்று எடுத்த விழாவில், கொரியாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஆறு வயதுச் சோ சிக்குன், ஐந்து காய்களை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் சலுகையோடு, ஆறாம் படியினரான ரின் கைஹோவை வென்றான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர் மெய்ஜின் பட்டத்தைக் கைக்கொண்டதும், அதே இல்லத்தில் தமக்கு மூத்தவரான ஓத்தாகே ஹிதேயோவிடமிருந்தே. ஆயினும் பட்டங்களின் எண்ணிக்கையைவிட என்னைக் கவர்வது, இச்சிஷ்யர்கள் ஒருவரை ஒருவர் ஒவ்வாதிருந்ததே. தாக்கேமியா நடுப்பலகையில் மாபெரும் பரப்பை எழுப்புவார். இஷிதாவோ அரைப்புள்ளி வரை துல்லியமாகக் கணக்கிடுவார். ஓத்தாகே காய்களின் வடிவழகு குலைய மனம் ஒப்பார். ஆசிரியரோடு ஆடியாடி அவர் கையை நகலெடுக்கும் வாய்ப்பு இல்லாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கருதுகிறேன்.

கொரியாவில் நேர்ந்தது இவ்வபிப்பிராயத்தை வலியுறுத்துகிறது. கோ செய்கெனை 1928இல் சீனத்திலிருந்து வரவழைத்த செகோயே கென்சாக்கு, முதுமையில் ஏற்ற கடைசிச் சிஷ்யர் கொரியரான சோ ஹுன்ஹ்யுன். தாயகம் திரும்பிய அவர் 1984இல் லீ சாங்ஹோ என்னும் சிறுவனைத் தம் வீட்டிலேயே வைத்துப் பயிற்றினார். 1990இலேயே அம்மாணவர் ஆசிரியரின் பட்டத்தைக் கவரத் தொடங்கினார். ஆசிரியரோ விரைந்து தாக்குபவர், மாணவரோ பொறுமையாய்ச் சேர்த்து வைத்து ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஒன்றிரண்டு புள்ளிகளால் வெல்பவர். தம்முடைய வேகத்தை அச்சிறுவனிடம் திணிக்க அவர் முயலவில்லை.