நடுவட்டத்துச் சீனர்கள்

சீனக் கடற்கொள்ளைக்காரர்கள் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் செங் யீ சாவோ. 1807-ல் கணவன் இறந்ததும் தென்சீனக் கடலின் கொள்ளைக் கூட்டத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்த பெண். நூற்றுக்கணக்கான கப்பல்கள், பல்லாயிரம் ஆட்கள். 1810-ல் ஆயுதம் இல்லாமல், பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கான்டன் கவர்னர் ஜெனரலிடம் நேரே போய்ப் பேரம் பேசினார். மன்னிப்பு கிடைத்தது. 1844-ல் வயதாகித்தான் இறந்தார்.

இப்படிப் பேரம் பேச வழியில்லாத சீனர்கள் கொஞ்சப் பேர் நம் நீலகிரிக்கு வந்திருக்கிறார்கள். அபினிப் போர்க் கைதிகள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. ஆனால் 1890-களில் இந்த மலையில் ஆய்வு செய்த எட்கர் தர்ஸ்டன் வேறு சொல்கிறார்: பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துச் சிறைகளில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட குற்றவாளிகள். கடற்கொள்ளையும் ரகசியச் சங்கச் சண்டையும் மலிந்திருந்த துறைமுகங்கள் அவை. 1867 வரை அந்தப் பகுதியும் இந்திய அரசின் கீழ்தான். இங்கிருந்து நம்மாட்களை அங்கே நாடு கடத்தினார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். அங்கிருந்து வந்தவர்களை வைத்து இங்கே நடுவட்டத்தில் சிங்கோனா தோட்டத்தில் வேலை வாங்கினார்கள், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக்கான கட்டடம் எழுப்பினார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சிங்கோனா பட்டையில் இருந்து வருவது. சரக்கு மாற்றுவது மாதிரி ஆளை மாற்றியிருக்கிறார்கள், பாருங்கள்.

லவ்டேல் வேலை நடக்கும்போது, மழைக்காலத்தில், சிலர் தப்பி ஓடினார்கள். தேடப் போன போலீஸ் குழுக்களில் ஒன்று திரும்பவே இல்லை. பிறகு சிஸ்பாறை மலைப்பாதையில் நான்கு உடல்கள் வரிசையாகக் கிடந்தன, வெட்டிய தலைகள் அவரவர் தோள்மேல் கவனமாக வைக்கப்பட்டு. 1908-ல் வெளிவந்த பிரான்சிஸின் நீலகிரி கெசட்டியர் இதைச் சொல்கிறது. சரணடைவதுபோல் நடித்து, போலீஸ்காரர்களின் ஆயுதத்தாலேயே கொன்றார்களாம். நீலகிரிச் சீனர் என்றாலே திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்தக் கதைதான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஓடாமல் தங்கியவர்கள் கதை.

விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு காய்கறி போட்டார்கள், கொஞ்சம் காப்பி வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து, தலை, மூக்கு எல்லாம் அளவெடுத்து எழுதிவைத்தார். இனக் கலப்பு என்பதுதான் அவருக்கு ஆர்வம். அந்த மனுஷர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அவர் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு அப்பாவைப் பற்றி மட்டும் வேடிக்கையாக ஒரு குறிப்பு: கிறிஸ்தவராக மாறும்போது தன் ஜடையை வெட்ட வேண்டிவந்ததே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறையாம்.

தர்ஸ்டனுக்கு அது சிரிப்பு. ஆனால் சிங் அரசர்கள் காலத்துச் சீனாவில் ஜடையை வெட்டுவது ராஜதுரோகம், அதற்குத் தலையே போகலாம். ஜடை போன பிறகு அந்த மனிதர் எந்த முகத்தோடு ஊர் திரும்புவார்?