முதிய ஆசானும் அகமுறைப் போர்க்கலையும்

சீனத்து அகமுறைப் போர்க்கலை, மலையில் தவமிருந்த சாங் சன்ஃபெங் என்னும் முனிவர் கனவிற் கண்ட வித்தை என்பது கர்ணபரம்பரைக் கதை. அக்கதை, கலையைப் பேணிய உழைப்பாளரை மறைத்துவிடுகிறது. அவர்களை நாம் நோக்குவோம்.

சுன் லூத்தாங் 1860இல் ஹெபெய் மாகாணத்தில் வறுமையிற் பிறந்தவர். இளமையில் எழுதுதூரிகைக் கடையில் வேலை செய்தவர். பாகுவா முறையை அவருக்குக் கற்பித்த செங் திங்ஹுவா, பீக்கிங்கில் மூக்குக்கண்ணாடி செய்து பிழைத்தவர். 1900இல் அந்நகரை ஆக்கிரமித்த ஜேர்மானியப் படையினர் செங்கைக் கொன்றனர். துவக்கின் முன் அகவலி காப்பாகவில்லை.

ஐம்பது வயதை எட்டிய பின்னரும் சுன் மாணவரானார். பீக்கிங்கில் நோயுற்றுக் கிடந்த ஹௌ வெய்சென் என்பவரைப் பராமரித்தார். அறுபதைக் கடந்த அம்முதியவர், நன்றிக்கடனாகத் தமது தாய்ச்சி முறையை அவருக்குக் கற்பித்தார்.

இம்முதியவர்களின் திறமை எதிலுள்ளது? முரட்டுத் தசைவலியில் அன்று. எதிரியின் விசையைத் தொடுகையால் உணர்ந்து, அதனோடு மோதாது வழிவிட்டு, அவன் நிலைதளரும் கணத்தில் பாதம் முதல் விரல்வரை உடலை ஒன்றாக இயக்குவதே அது. முதுமை தசையைக் குறைக்கும். பல்லாண்டுப் பயிற்சி தந்த உணர்வை எளிதிற் பறிக்காது. இதில் மாயமில்லை, உழைப்பே உண்டு.

குருவின் வாய்மொழியில் அடங்கிக் கிடந்த வித்தையை, 1915 முதல் சுன் படங்களுடன் நூல்களாக்கினார்; 1933இல் மறைந்தார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத்துறை, தாய்ச்சியை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பொதுமக்களிடம் பரப்பியது. குடும்ப இரகசியமாகப் பூட்டப்பட்ட அறிவு ஆசானோடு மடியும். மக்களிடம் சேர்ந்த அறிவே வாழும்.