கயிறு மாறுவதற்கு முன்

பாண்டிய நாட்டின் பொன்னும் முத்தும் எந்த வழியாகக் கரைந்தன என்று கேட்பவர்கள் படையெடுப்புகளையே முதலில் நினைக்கிறார்கள்; ஆனால் டில்லித் தளபதி மாலிக் காபூர் மதுரைக்கு வருவதற்கு முன்பே, தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில், ஆண்டுதோறும் பெருந்திரவியம் குதிரைகளுக்காகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், வழியில் கடலிலே இறந்த குதிரைக்கும் அரசன் பொக்கிஷத்திலிருந்து அதே விலை கொடுக்கப்பட்டது என்றும் பாரசீக சரித்திர ஆசிரியர் வஸாஃப் எழுதுகிறார். செத்த குதிரைக்கும் முழு விலை கொடுத்த வியாபாரம் உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

அந்தக் காலத்திலேயே இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல் வாங்கினார்கள் என்றும், வருஷ முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்கிறார்: இந்நாட்டில் குதிரை வைத்தியர் இல்லை, வைத்தியர் வந்தால் வியாபாரம் குறையும் என்பதால் வியாபாரிகள் அவர்களை வரவிடுவதுமில்லை. உயர்ந்த ஜாதிக் குதிரைக்கும் உயர்ந்த ஜாதிப் பெட்டைக்கும் இங்கே பிறந்த குட்டிகூடக் கால் கோணி, ஏறிச் செல்ல உதவாததாய் வளர்ந்தது என்று அவர் எழுதியிருப்பது, அயல்நாட்டவரின் மிகையென்று எவ்வளவு தள்ளினாலும், யோசிக்க வேண்டிய வாக்கியம்.

ஏனெனில் குதிரையைப் பரீட்சிக்கும் சாஸ்திரம் இங்கே இல்லாமலில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் 1952-இல் வர்ணச் சித்திரங்களுடன் அச்சிட்டிருக்கிறது. நிகண்டுகள் சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என்று பெயரிட்டு, மல்லகதி, மயூரகதி, வானரகதி முதலாக நடைகளை ஐந்தாக வகுத்திருக்கின்றன. நான்கு காலும் முகமும் வெளுத்தது பஞ்சகல்யாணி. கழுத்தில் தேவமணி என்னும் சுழி பெற்றது எஜமானனுக்கு மங்களம் தருவது. நுட்பமான அறிவுதான். ஆயினும் இந்த லக்ஷணங்களில் பெரும்பகுதி, குதிரை என்ன செய்யும் என்பதைவிட, அதை வாங்குகிறவனுக்கு என்ன நேரும் என்பதையே பேசுகிறது. வாங்கும் நாழிகைக்கு வேண்டிய சாஸ்திரம் அரண்மனையில் நிறைய இருந்தது; வாங்கிய பிறகு குளம்பையும் குடலையும் காக்க வேண்டிய அறிவுக்குத்தான், அந்த யாத்திரிகர் சொல்வதை நம்பினால், ஆள் இல்லை.

மாணிக்கவாசகர் கதையிலும் இந்தச் சங்கடமே ஒளிந்திருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை, அவன் மந்திரியாராயிருந்த மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் சிவப்பணியில் செலவிட்டுவிட, இறைவனே குதிரைச் சேவகனாகி, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். அரசன் லக்ஷணம் பார்த்து மகிழ்ந்தான், கயிறு மாறியது, இரவில் அவை மீண்டும் நரிகளாயின. கயிறு கை மாறிய பிறகு நன்மையோ தீமையோ வாங்கினவனைச் சேரும் என்ற சந்தை வழக்கத்தைப் புராணமே சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கிறது. இன்றும் மாட்டுச் சந்தையில் கயிறு மாற்றித் தருவதே கிரயத்தின் முடிவு.

காயலில் இறங்கிய குதிரைகள் மதுரை சேர இடையிலுள்ள கரிசல் பூமியைக் கடந்தே ஆகவேண்டும். இந்தக் காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரிகளுக்குக் குதிரை அரசன் வீட்டுப் பொருள். ஐயனார் கோயில் வாசலில் மண்ணாக நிற்பதைத்தான் அவர்கள் அருகில் சென்று பார்த்திருப்பார்கள். அவர்கள் பரீட்சித்தது காளையை. சுழி நம்பிக்கையை அவர்களும் விட்டுவிடவில்லை. இறங்குபூரான் என்னும் சுழி கண்டால் ஒதுக்குவார்கள். ஆனால் தென்பாண்டிச் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஒரு கன்று தேறுமா என்று பார்க்கிறவன் அதோடு நிற்க முடியாது. தாய்ப்பசு எப்படிப்பட்டது, கன்று எத்தனை பல் போட்டிருக்கிறது, குளம்பு சேர்ந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா, கிடையிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும்போது முன்னே போகிறதா கூட்டத்தில் பதுங்குகிறதா என்பதெல்லாம் நாள்தோறும் பார்த்து அறிய வேண்டியவை. பந்தயமோ சாலையில், போக வர இத்தனை மைல் என்று வைப்பது. போகும்போது பறந்துவிட்டு, எல்லையில் திரும்பியதும் மூச்சு வாங்கித் தளரும் மாட்டுக்குக் கொடி கிடைக்காது. ஆகவே இளங்காளையை முதலில் பூஞ்சிட்டு என்னும் சிறுமாட்டுப் பந்தய வகையில் ஓடவிட்டு, திரும்பி வரும் வழியில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே பெரிய வண்டியைப் பற்றி நினைப்பார்கள். சுழி பார்ப்பவன் ஒரு நாழிகையில் சொல்லிவிடுவதைச் சொல்ல இவனுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு இவன் சொல்லில்தான் நம்பிக்கை.

சென்னைக் கிண்டியின் குதிரைப் பந்தயக் கதை வேறு தோரணை. அங்கே 1777 முதல் பந்தயம். 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப். இந்தியப் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி முதல் தேதியே பிறந்தநாள் என்று ஏட்டில் எழுதி, வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து, இரண்டு வயதுக் குட்டியைச் சிறு தூரத்தில் ஓட்டிப் பார்த்து, நான்கு வயதில் டெர்பிக்குக் கொண்டு வருவது அங்குள்ள முறை. வாங்குகிறவனுடைய கண்ணைவிட வளர்க்கிறவனுடைய ஏடே அங்கே பெரிது. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, குதிரைப் பந்தயமும் அதில் பணம் கட்டுவதும் சூதா, திறமையா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1996 ஜனவரியில், டாக்டர் கே. ஆர். லக்ஷ்மணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை என்றே தீர்த்தது. குதிரையின் வேகமும் தாங்குதிறனும் பயிற்சியால் வருவன என்பதும், ஜாக்கியின் தேர்ச்சியும் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரங்கள்.