நமது முன்னோரின் விதை நெல்

உழவே தொழிலாகக் கொண்ட நம் மரபினர்க்கு நிலமும் நீரும் எத்துணைச் செல்வமோ, அத்துணைச் செல்வம் விதை நெல். பட்டினி கிடப்பினும் விதை நெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது நம் முன்னோர் கொண்ட விரதம். அவ்விதையின் சரித்திரத்தைச் சங்கத்து அன்பர்கட்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் பக்கத்து வயல்கள் காவிரியின் கடைமடையாகும். அங்கே ஒரு வருஷம் வெள்ளம், மறு வருஷம் வறட்சி; கடலோரத்திலோ உவர். ஆதலின் நிலத்துக்கேற்ற நெல்லைப் பெரியோர் தெரிந்து வைத்தனர். நீர் தேங்கும் பள்ளத்துக்கு ஆளுயரத்தினும் மேலாக வளரும் காட்டுயானம். உவர் நிலத்துக்குக் களர்ப்பாலை, குழியடிச்சான். விளைந்த நெல்லைப் புழுக்கிக் குற்றியதால் தவிட்டின் சத்து அரிசியினுள் ஊறி நின்றது. தீட்டிய பச்சரிசியே உண்டோரை வருத்திய பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்டோரைப் பெரும்பாலும் அணுகாமைக்கு இதுவே காரணம்.

இவ்வறிவு நிலமுடையார் மட்டும் ஈட்டியதன்று. நாற்று நட்டுக் கதிர் தெரிந்தெடுத்த உழைப்பாளிப் பெண்மக்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1965-இல் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை ஜில்லாவில் பரவிற்று. விளைவு பெருகிற்று. அந்நன்மையை மறுத்தல் நன்றிகேடாம். ஆயினும் புதியதை ஏற்றபோது பழையதை முற்றிலும் கைவிட்டது நம் பிழையே. விதை நெல் ஏட்டுச் சுவடியன்று. பத்தாயத்தில் பூட்டி வைப்பின் சில வருஷங்களில் முளைக்கும் திறன் இழக்கும். விதையாது விட்ட நெல் அழிந்த நெல்லேயாம்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகைக் கரையோர வயல்களை உப்பாக்கியபோது, உவர் தாங்கும் வித்துகளின் அருமை பலர்க்கும் புலப்பட்டது. 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் அவர்கள், இரண்டு கிலோ விதை கொடுத்து மறுவருஷம் நான்கு கிலோ திரும்பப் பெறும் முறையால் அவற்றைப் பரப்பினார். 2018-இல் மறைவதற்குள் 174 வகைகளை அவர் மீட்டதாகச் சொல்வர்.

அவர் செய்த பணியில் ஒரு சிறு கூறேனும் நம்மால் இயலாதோ? நிலமுள்ள குடும்பம் ஒவ்வொன்றும் வருகிற சம்பாப் பட்டத்தில் ஒரு மூலையிலாவது ஒரு பழைய நெல்லை விதைத்து, இருமடங்கு விதையை அயலார் எவர்க்கும் ஈயுமாறு வேண்டிக்கொள்ளுகிறோம். வீட்டு முதியோரைக் கேட்டு, அவர்கள் அறிந்த நெல்லின் பெயரையும் குணத்தையும் இன்றே எழுதி வைப்பீர்களாக.